பாம்புக்கு மறைவிடம்: பெரிய குகையா, ஒடுங்கிய பொந்தா?

கல்லடிக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என்ட தம்பி கனடாவில ஸ்காபரோவில இருக்கான். அங்க போல் பைத்தன் (ball python) எண்டு ஒரு சின்ன மலைப்பாம்பு வாங்கி வளர்க்கான். கொண்டுவந்து ஒரு மாசத்துக்கு மேலாகுது, இன்னும் ஒரு எலியைக்கூடத் தொடயில்ல. இரவானா கண்ணாடியில மூக்கை உரசி உரசிச் சுத்துது. மூக்கு நுனி சிவந்துபோய்க் கிடக்கு.

தொட்டி நாலடி நீளம். நடுவில குகை மாதிரி ஒரு சாமான் வாங்கி வைச்சிருக்கான், நல்ல விலையாம். ஒரு நாய்க்குட்டி படுக்கலாம், அவ்வளவு பெரிசு. பாம்பு அதுக்குள்ள போறதேயில்ல. பகல் முழுக்க தண்ணிக் கோப்பைக்கும் கண்ணாடிக்கும் இடையில இடுங்கிக் கிடக்குது. வாங்கின கடையில கேட்டதுக்கு இன்னும் பெரிய குகையா வைக்கச் சொன்னாங்களாம். அவனுக்குச் சரியான கவலை. இங்க பாம்பைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் இருக்கீங்க எண்டுதான் கேக்கிறன்.

ஆலையடிவேம்பு_வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, பாம்பு தன்ட பதிலைச் சொல்லிட்டுது. கோப்பைக்கும் கண்ணாடிக்கும் இடையில இருக்கிற அந்த இடுக்குத்தான் அந்தத் தொட்டி முழுக்க அதுக்குக் கிடைச்ச ஒரே பொந்து.

போல் பைத்தனின் சொந்த மண் மேற்கு ஆபிரிக்காவும் மத்திய ஆபிரிக்காவின் ஒரு பகுதியும். கானா, டோகோ, பெனின் பக்கம். பகலில எலி வளைக்குள்ளயும் கறையான் புற்றுக்குள்ளயும் கிடக்கும், பொழுதுபட்ட பிறகுதான் வெளிய வரும். நாகதம்பிரான் கோயிலடியில புற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்கும். புற்றின் வாய் எவ்வளவு சின்னது எண்டு பாருங்க. உள்ளுக்கு நல்ல இருட்டு. வெளிய கச்சான் காத்து அடிச்சு ஊரே காய்ஞ்சாலும் உள்ள சூடும் ஈரமும் பெரிசா மாறாது. நாம செய்து குடுக்கிற மறைவிடம் அந்தப் புற்று செய்யிற வேலையைச் செய்யவேணும்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடி இருட்டாக்கிக்கொள்ள அதால ஏலாது, இருட்டை நாமதான் குடுக்கவேணும். அதோட, சுருண்டு படுத்தா உடம்பின் இரண்டு பக்கமும் சுவரில முட்டவேணும், முதுகுக்கு மேல கூரை தட்டுப்படவேணும். அப்பதான் பின்னாலயும் மேலயும் இருந்து ஒண்டும் வந்து பிடிக்காது எண்டு அதுக்கு நம்பிக்கை வரும். வாசல் ஒண்டு போதும், அது உடம்பு தாராளமா நுழையிற அளவு இருந்தாச் சரி. நாய்க்குட்டி படுக்கிற குகையில பாம்புக்குக் கூரையுமில்ல, சுவருமில்ல.

அதால குகை வேணாம். சுருண்ட பாம்பின் அகலத்தைக் கண்ணால அளந்து, அதைவிடக் கொஞ்சம் கூட வாற பெட்டி இரண்டு வைக்கச் சொல்லுங்க. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே அளவு. ஏன் இரண்டு எண்டு மற்ற ஆக்கள் சொல்லுவாங்க, எனக்கு இப்ப வகுப்பு.

மொன்றியல்_மட்டுநகரான் எழுதியது:

நான் சொல்றன் சேர். இங்க கனகாலமா கோர்ன் ஸ்நேக் எண்ட அமெரிக்கப் பாம்பும் போல் பைத்தனும் வளர்க்கிறன்.

பாம்புக்கு நம்மைப் போல உடம்புக்குள்ள சூடு உண்டாகாது. சாப்பாடு செமிக்கவேணுமெண்டா சூடான பக்கம் போகவேணும், சூடு கூடினாக் குளிர்ந்த பக்கம் போகவேணும். ஒரு தொட்டியில ஒரேயொரு மறைவிடம் வைச்சா, பாம்பு சூட்டையும் பாதுகாப்பையும் தராசில போட்டுப் பார்க்குது. அநேகமாப் பாதுகாப்பைத்தான் தெரிவு செய்யும். குளிர்ந்த பக்கத்துப் பெட்டிக்குள்ளயே கிடந்து, செமிபாடு இல்லாம, சளி பிடிச்சு வருத்தமாகும். சூடான பக்கம் மட்டும் பெட்டி இருந்தா, வெந்தாலும் வெளிய வராது. அதுக்காகத்தான் இரண்டு. ஒரே மாதிரி இருக்கவேணும் எண்டு சேர் சொன்னதும் அதுக்காகத்தான்: ஒண்டு மற்றதைவிடப் பிடிச்சுப்போனா இரண்டு வைச்சும் பிரயோசனமில்ல.

போல் பைத்தனுக்குச் சூடான பெட்டியின் அடித்தரை 31, 32 பாகை செல்சியஸ் நிக்கவேணும். குளிர்ந்த பக்கம் 25, 26. தொட்டிக்கு மேல ஒட்டின வெப்பமானி காட்டுறதை நம்பவேணாம், கம்பி முனையைப் பெட்டிக்குள்ள விட்டு அளக்கச் சொல்லுங்க. பாம்பு படுக்கிறது உள்ளுக்கு, மேல இல்ல. சூட்டு விரிப்பு போட்டிருந்தா, சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் இல்லாம ஒரு நாளும் ஓட விடவேணாம். அது இல்லாட்டி 40 பாகைக்கு மேல ஏறும். பாம்பு வயிறு வெந்தாலும் உடன விலகத் தெரியாம அதுலயே படுத்துக் கிடக்கும். கடையில விக்கிற மின்சாரச் சூட்டுக் கல்லையும் அதனாலதான் வேணாம் எண்டு சொல்றது.

இன்னொண்டு, உங்கட தம்பி இருக்கிற இடத்தில மாரியில ஹீட்டர் ஓடும். காத்து பொரிஞ்சுபோகும். போல் பைத்தனுக்கு ஈரப்பதன் 60 வீதமளவில வேணும். தோலுரிக்கிற காலத்துக்கு மூண்டாவதா ஒரு ஈரப்பெட்டி நல்லம்: மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, பக்கத்தில ஒரு வாசல், உள்ளுக்கு நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பக்னம் பாசி. கண் நீலம் பாரிக்கத் தொடங்கினா அதுக்குள்ள தானாப் போகும். ஈரம் காணாட்டி தோல் துண்டு துண்டாக் கழரும், கண்ணுக்கு மேல இருக்கிற மெல்லிய மூடி கழராம நிண்டுபோகும். அதைக் கையால உரிக்கப் போய்க் கண்ணைக் கெடுக்கிற ஆக்கள் இருக்காங்க. பெட்டி வைச்சா அந்தப் பிரச்சினை வாறது குறையும்.

தரைக்குப் போட நம்மட தேங்காய்த் தும்புத் தூள் அருமையான சாமான். இங்க ஊர்வனக் கடைகளில செங்கட்டி மாதிரி அழுத்தி விக்கிறாங்க. இலங்கையில இருந்தும் வருது.

சாய்ந்தமருது_இளைஞன் எழுதியது:

எனக்கொரு சந்தேகம். இவ்வளவு ஒளிய விட்டா அந்தப் பாம்பு எப்படி ஆக்களோட பழகும்? வீடியோக்களில எல்லாம் மறைவிடத்தை எடுத்துப்போட்டு, நாளுக்கு நாள் கையில தூக்கிப் பழக்கணும் எண்டுதானே சொல்றாங்க. ஒளியிற பாம்பு பயந்த பாம்பு எண்டு நினைச்சன்.

மொன்றியல்_மட்டுநகரான் எழுதியது:

தம்பி, நேர்மாறு. ஓடி ஒளிய இடமிருக்கு எண்டு தெரிஞ்ச பாம்புதான் வெளிய வந்து நிதானமா உலாவும். மறைவிடத்தைப் பறிச்சா அது பழகினது மாதிரித் தெரியும், ஆனா அது பழக்கமில்ல, ஒடுங்கிப்போனது. அசையாமக் கிடக்கிற போல் பைத்தனை "சாதுவான பாம்பு" எண்டு வீடியோ போடுறாங்க. தலையை நடுவில வைச்சு உருண்டையாச் சுருண்டா அது பயத்தின் உச்சம். அந்தப் பெயரே அதால வந்ததுதான்.

கல்லடித் தங்கச்சி, தம்பிகிட்டச் சொல்லுங்க: பெட்டி வைச்ச பிறகு ஒரு இரண்டு கிழமையாவது தூக்கவேணாம். தண்ணி மாத்த, அழுக்கு எடுக்க மட்டும் கை போகட்டும். பெட்டிக்குள்ள கிடக்கிற பாம்பை இழுத்து எடுக்கவே கூடாது. அந்த இடம் அதுக்குச் சொந்தமா இருக்கவேணும்.

ஏறாவூர்_ராத்தா எழுதியது:

நான் வேற கோணத்தில கேக்கிறன், யாரும் கோவிக்க வேணாம். பகல் முழுக்க ஒளிஞ்சு கிடக்க விரும்புற சீவன், ஆக்களைக் கண்டா உருண்டையாகிற சீவன். இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சு, பிறகு அதுக்குப் பெட்டிக்குள்ள பெட்டி தேடிக் குடுக்கிறதுக்கு, வளர்க்காமலே விட்டா என்ன? அல்லாஹ் படைச்ச இடத்திலயே அது நல்லாத்தானே இருந்திருக்கும்.

ஆலையடிவேம்பு_வாத்தியார் எழுதியது:

ராத்தா, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. நானா இருந்தா வாங்க மாட்டன். ஆபிரிக்காவில புற்றைத் தோண்டி எடுத்து ஏற்றுமதி செய்த காலத்தில ஆயிரக்கணக்கில அள்ளினாங்க, இப்பவும் அந்த வியாபாரம் முற்றா நிக்கயில்ல. அரிய உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலயும் அந்தப் பாம்பு இருக்கு.

ஆனா இந்தத் தம்பியிட்ட இருக்கிறது அநேகமாக் கூட்டிலயே பொரிச்ச குஞ்சு. அதைத் திருப்பி விட ஒரு காடு கிடையாது. கனடாக் குளிரில வெளிய விட்டாச் சாகும். சூடான நாட்டில விட்டா இன்னும் கேடு. புளோரிடாவில வளர்ப்புக்கு வந்த பர்மிய மலைப்பாம்புகள் வெளிய போய் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில பெருகி, அங்கத்தைய முயல், ரக்கூன் எல்லாத்தையும் தின்னு முடிக்குது. அதால இனி அந்தப் பாம்பு சாகுமட்டும் அந்தத் தொட்டிதான் அதுக்கு உலகம், இருபது முப்பது வருசமும் இருக்கும். வாங்கின ஆளுக்கு அந்த உலகத்தை ஒழுங்காக்கிக் குடுக்கிற கடமை இருக்கு. அந்தக் கடமையின் முதல் வேலை மறைவிடம்.

கல்லடிக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தம்பிக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். கடைச் சாமானுக்குக் காசு செலவழிக்காம வீட்டில கிடக்கிறதில செய்யலாமா எண்டு கேக்கான். பூச்சாடி, சிரட்டை, மரக்குத்தி, கல்லு எல்லாம் வைக்கலாமா?

மொன்றியல்_மட்டுநகரான் எழுதியது:

செய்யலாம், ஆனா ஒவ்வொண்டிலயும் ஒரு கண்ணி இருக்கு. கவனமா வாசிக்கச் சொல்லுங்க, பாம்புகள் சாகிறது இதுகளிலதான்.

மண் பூச்சாடியைப் பாதியா வெட்டிக் கவிழ்த்து வைக்கிறது நல்ல யோசனை. அடியில தண்ணி வடியிற ஓட்டை இருக்குமே, அதுதான் ஆபத்து. பாம்பு எந்த ஓட்டையைக் கண்டாலும் தலையை விடும். தலை போகும், கழுத்து போகும், இரை விழுங்கின வயிறு வந்து இறுகும். செதில்கள் பின்பக்கம் சாய்ஞ்சு அடுக்கின மாதிரி இருக்கிறதால முன்னுக்குப் போறது சுகம், பின்னுக்கு வாறது கஷ்டம். இழுத்தாத் தோல் கிழியும். அதால விதி சிம்பிள்: ஓட்டை ஒண்டில் பாம்பு வயிறு நிறைஞ்ச நேரத்திலயும் தாராளமாப் போற அளவு இருக்கவேணும், இல்லாட்டி தலையே நுழையாத அளவு இருக்கவேணும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஓட்டை ஒண்டுகூட வைக்கவேணாம். வெட்டின விளிம்பையும் உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்கவேணும்.

சிரட்டை குஞ்சுகளுக்கு மட்டும். புதுசாப் பொரிச்ச கோர்ன் ஸ்நேக் ஒரு பென்சில் மொத்தம்தான் இருக்கும், அதுக்கு அரைச் சிரட்டை போதும். உள்ளுக்குத் தேங்காய்ப்பூ ஒரு துளியும் ஒட்டியிருக்கக் கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். உங்கட தம்பிட பாம்புக்கு இது சின்னன்.

மரமெண்டா தேவதாரு, பைன் மாதிரி வாசனையும் பிசினும் உள்ள மரம் வேணவே வேணாம். அந்த வாசனை பாம்பின் சுவாசப்பைக்குக் கூடாது. வெளியில பொறுக்கின குத்தியில உண்ணி, பூஞ்சணம் எல்லாம் வரும். சுடுதண்ணியில ஊறவைச்சு, நல்லாக் காயவைச்சுப் பிறகு வைக்கட்டும்.

கல்லுத்தான் எனக்குப் பயமான சாமான். தும்புத் தூளைப் பரப்பிட்டு அதுக்கு மேல கல்லை அடுக்குறாங்க. பாம்பு கல்லுக்குக் கீழ தோண்டி நுழையும், தூள் சரியும், கல்லு இறங்கும். அதோட முடிஞ்சுது. பாரமான எதையும் முதல்ல தொட்டியின் வெறும் அடியில இருத்தி, பிறகு சுத்திவரத் தூளைப் போடவேணும். ஆட்டிப் பார்த்தா ஆடக் கூடாது.

ஒட்டுறதுக்கு டேப் கூடாது. இதை எத்தனை தரம் சொன்னாலும் காணாது. பசையில பாம்பு ஒட்டினா உதறுற ஒவ்வொரு தரமும் இன்னும் நல்லா ஒட்டும், கடைசியில செதிலோட பிய்ஞ்சு வரும்.

என்னைக் கேட்டா எல்லாத்தையும்விடச் சுகமானது கறுப்பு நிற பிளாஸ்டிக் பெட்டி. கவிழ்த்து வைச்சு ஒரு வாசல் வெட்டி, வெட்டின இடத்தைத் தேய்ச்சா முடிஞ்சுது. கழுவலாம். தொட்டி வடிவா இருக்கவேணும் எண்டு ஆசைப்பட்டா மேல பிளாஸ்டிக் இலையைப் போட்டு மறைக்கட்டும். ஒளி ஊடுருவுற வெள்ளைப் பெட்டி மட்டும் வேணாம், உள்ளுக்கு இருட்டு வராது. இரண்டு பக்கமும் திறந்த அரை மரக்குழாயும் பாம்புக்கு மறைவிடமில்ல, அதுக்கு அது ஒரு பாலம்.

படுவான்கரையான் எழுதியது:

நானும் ஒண்டு கேப்பம் எண்டுதான் வந்தன். வெல்லாவெளிப் பக்கம் வயல் வெட்டேக்க ஒரு வெங்கிணாந்திக் குஞ்சு, நம்மட ஊர் மலைப்பாம்பு, அம்பிட்டது. இரண்டு முழம் வரும். கடியுமில்ல ஒண்டுமில்ல, வடிவான சாமான். பழைய மீன் தொட்டிக்குள்ள போட்டு வைச்சிருக்கன். நீங்க சொல்ற மாதிரி இரண்டு பெட்டி வைச்சா வளர்க்கலாம்தானே? அதுவும் பைத்தன் சாதிதானே.

ஆலையடிவேம்பு_வாத்தியார் எழுதியது:

அண்ணன், நேர சொல்றன், வளர்க்க ஏலாது. வெங்கிணாந்தி இலங்கைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சீவன். 1937ஆம் ஆண்டு வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பிறகு வந்த திருத்தங்களும் அதைப் பிடிக்கவோ வைச்சிருக்கவோ விடாது. வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டுவரவும் அனுமதி வேணும். இன்றைக்கே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்க, 1992 அழைச்சாப் போதும். அவங்க வருமட்டும் தொட்டியை நிழலான அறையில வைச்சு, உள்ளுக்கு ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து விளிம்பில ஒரு கல்லு வைச்சு உயர்த்தி விடுங்க. தண்ணி வையுங்க. மேல சாக்கு போட்டு மூடுங்க, வலை மூடியை இறுக்குங்க. பிள்ளைகளைக் கிட்ட விடவேணாம். சாப்பாடு குடுக்க வேணாம்.

சட்டத்தை விட்டுட்டுப் பார்த்தாலும் சரிவராது. போல் பைத்தன் வளர்ந்தா நாலடி. வெங்கிணாந்தி பத்தடிக்கு மேல போகும். அந்த அளவுக்கு மறைவிடம் குடுக்கவேணுமெண்டா உங்கட ஒரு அறையையே குடுக்கவேணும். வயலில அது எலி பிடிக்கும், எலிக்காய்ச்சலில எத்தனை விவசாயி படுத்து எழும்புறாங்க எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அது இருக்கவேண்டிய பொந்து உங்கட வயல் வரம்புக்கு அங்கால இருக்கு.

படுவான்கரையான் எழுதியது:

சரி சேர். தெரியாமத்தான் கேட்டன். அழைச்சிட்டன், நாளைக்கு வாறம் எண்டிருக்காங்க. சட்டி கவிழ்த்து வைச்ச உடன அதுக்குள்ள போயிட்டுது, நீங்க சொன்ன மாதிரியே.

கொக்கட்டிச்சோலை_அக்கா எழுதியது:

நீங்க எல்லாரும் பாம்புக்கு இடம் தேடுறீங்க. நான் இடம் குடுக்காம இருக்க வழி தேடுறன். ஒவ்வொரு மாரிக்கும் வெள்ளம் ஏறினா எங்கட வளவுக்குள்ள பாம்பு வந்திடும். போன தரம் குசினிக்குப் பின்னால விறகுக்குள்ள நாகபாம்பு கிடந்தது. அடிக்க மனமில்ல. என்ன செய்யலாம்?

ஆலையடிவேம்பு_வாத்தியார் எழுதியது:

அக்கா, மேல சொன்னதெல்லாத்தையும் தலைகீழாப் பிடியுங்க. ஒடுக்கம், இருட்டு, கொஞ்சம் ஈரம், மேல பாரம். பாம்பு தேடுறது இவ்வளவுதான். விறகடுக்கு, பழைய கிடுகு, தேங்காய் மட்டைக் குவியல், ஓட்டுக் குவியல், அடித்தளம் போட்டு விட்ட சீமெந்துக் கல்லு, எல்லாம் பாம்புக்குக் கட்டி வைச்ச வீடு. அதை எல்லாம் இல்லாமல் ஆக்க ஏலாது, குசினிக்கு விறகு வேணும். ஆனா சுவரோட சேர்த்து அடுக்காம வளவின் கோடியில, நிலத்தில இருந்து ஒரு அடிக்கு மேல தட்டுக் கட்டி அடுக்கலாம். கீழ வெளிச்சமும் காத்தும் போனா அது பொந்தாகாது. இருட்டின பிறகு கை விட்டு விறகு எடுக்கவேணாம், டோர்ச் இல்லாமப் போகவேணாம். நெல்லு மூட்டை இருக்கிற அறைக்கதவுக்குக் கீழ இடைவெளியை அடையுங்க. எலி வந்தாப் பின்னால பாம்பு வரும்.

நிலத்தில பாய் போட்டுப் படுக்கிற வீடெண்டா நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழ நல்லாச் செருகுங்க. எட்டடி விரியன் இரவில வாறது, நித்திரையில இருக்கிற ஆளைக் கடிக்கும், கடிச்சது வலிக்காமலும் இருக்கலாம். விடியப்புறம் வயித்து வலியோட எழும்பி, கண்மடல் சொக்கினா ஒரு நிமிசமும் தாமதிக்க வேணாம். கட்டவோ கீறவோ வேணாம். 1990 அழைச்சு அம்புலன்ஸில பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. விசமுறி மருந்து அங்கதான் இருக்கு.

ஏறாவூர்_ராத்தா எழுதியது:

அடிக்க மனமில்ல எண்டு நீங்க எழுதினதை வாசிக்கச் சந்தோசமா இருந்தது அக்கா. எங்கட வளவிலயும் ஒரு சாரை இருக்கு. உம்மா அதைத் துரத்த விடமாட்டா. மதிலோரத்தில பழைய கல்லுக் குவியல் ஒண்டை அதுக்கெண்டே விட்டு வைச்சிருக்கம், வீட்டுப் பக்கம் துப்புரவா வைச்சிருக்கம். கோழிக்கூட்டுக்குச் சின்னக் கண் வலை அடிச்ச பிறகு முட்டையும் போறதில்ல.

கல்லடிக்காற்று எழுதியது:

தம்பி இரண்டு கறுப்புப் பெட்டி செய்து வைச்சிட்டான். குகையைத் தூக்கிட்டான். கண்ணாடியின் மூண்டு பக்கமும் வெளியால கறுப்புக் கடதாசி ஒட்டியிருக்கான், அது அவன்ட யோசனை. முதல் இரவே சூடான பக்கத்துப் பெட்டிக்குள்ள போயிட்டுதாம். இப்ப கண்ணாடியில உரசுறதில்ல. இரவில ஒருக்கா வெளிய வந்து, தண்ணி குடிச்சு, மற்றப் பெட்டியைப் போய்ப் பார்த்திட்டுத் திரும்பி வருதாம். ஆனா இன்னும் சாப்பிடயில்ல. பெட்டியைத் தூக்கி உள்ளுக்கு எலியைப் போடட்டோ எண்டு கேக்கான்.

மொன்றியல்_மட்டுநகரான் எழுதியது:

தூக்கவேணாம், தூக்கவே வேணாம். இப்பதான் அதுக்கு வீடு கிடைச்சிருக்கு. கடதாசி ஒட்டினது நல்ல வேலை.

இன்னும் ஒரு கிழமை விடட்டும். பிறகு உறையவைச்ச எலியை முதல்ல நல்லாக் கரைய விட்டு, சுடுதண்ணியில வைச்சு உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஈரம் துடைச்சு, நீளமான இடுக்கியால பிடிச்சு, விளக்கை அணைச்ச பிறகு பெட்டி வாசலுக்கு முன்னால மெல்ல அசைக்கட்டும். அதின்ட உதட்டோரத்தில சூட்டை உணர்ற குழிகள் இருக்கு, ஆறின எலியைக் கண்டுகொள்ளாது. எலியின் மொத்தம் பாம்பின் நடு உடம்பு மொத்தத்துக்கு மேல போகக் கூடாது. எடுக்காட்டி வாசலில வைச்சிட்டு அறையை விட்டுப் போயிடச் சொல்லுங்க. விடிய அப்படியே கிடந்தா எறிஞ்சிட்டு அடுத்த கிழமை பார்க்கட்டும். உயிரெலியை விட்டுட்டுப் போகவே கூடாது, பசிக்காத பாம்பை எலி கடிச்சுக் குதறும். சாப்பிட்டா இரண்டு நாளைக்குத் தொடவேணாம், கக்கிப்போடும்.

ஆலையடிவேம்பு_வாத்தியார் எழுதியது:

ஒண்டு மட்டும் சேர்க்கிறன். சமையல் தராசொண்டில இப்பவே ஒருக்கா நிறுத்து எழுதி வைக்கச் சொல்லுங்க தங்கச்சி. தூக்குற அந்த ஒரு தடவை பரவாயில்ல, இரவில தானா வெளிய வந்த நேரம் பார்த்துச் செய்யட்டும். போல் பைத்தன் மாசக்கணக்கா உண்ணாமக் கிடக்கிறது உண்டு, எடை நிண்டா யோசிக்கத் தேவையில்ல. பத்தில ஒரு பங்குக்கு மேல குறைஞ்சாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில சளி கண்டாலோ ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோகவேணும்.

கல்லடிக்காற்று எழுதியது:

நிறுத்திட்டான் சேர், 640 கிராம். வாற சனி இரவு எலி வைக்கிறானாம். எடுத்தாலும் எடுக்காட்டியும் வந்து எழுதுறன்.